கணக்கில் வராத ஐந்து பேர்

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது நள்ளிரவாகிவிட்டது. விடுதித் தொலைக்காட்சி அறையை ஒன்பது மணிக்கே பூட்டிவிடுவார்கள். என் மாணவிகள் ஐந்து பேர் ஒரே கைபேசியில் பார்த்திருக்கிறார்கள். சந்தா யார் பெயரில் என்று கேட்டேன். "அண்ணன் பேர்ல, மேம்" என்றாள் ஒருத்தி. பார்த்தவர்கள் ஐந்து பெண்கள். நிறுவனத்தின் கணக்கில் ஓர் ஆண்.

தொலைக்காட்சிக் காலத்தில் பெண்கள் ஆட்டத்தைக் காட்டாததற்கு ஒரு காரணம் சொன்னார்கள்: அலைவரிசையில் நேரமில்லை. இணைய ஒளிபரப்பில் அந்தச் சாக்கு செல்லாது. எத்தனை ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிடலாம். இடப் பற்றாக்குறை தீர்ந்துவிட்டது. விலை மட்டும் ஏன் மாறவில்லை?

2022 ஜூனில் ஐபிஎல்லின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இந்தியாவுக்கான இணைய உரிமையின் விலை தொலைக்காட்சி உரிமையை முந்தியது அந்த ஏலத்தில்தான். 2023 ஜனவரியில் மகளிர் பிரீமியர் லீகின் ஐந்தாண்டு உரிமை 951 கோடிக்குப் போனது. அதில் ஆட்டங்கள் குறைவு என்பார்கள். சரி, ஓர் ஆட்டத்துக்கே கணக்கிடுவோம்: ஆண்களுக்குச் சுமார் 118 கோடி, பெண்களுக்குச் சுமார் 7 கோடி.

பார்வையாளர் எண்ணிக்கைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்பது சந்தையின் பதில். ஆண்கள் ஆட்டத்துக்கான கூட்டம் தானாக முளைத்ததல்ல. பல பத்தாண்டு மாலைகளையும் விளம்பரங்களையும் வீட்டு ரிமோட்டையும் கொடுத்து வளர்த்த கூட்டம் அது. இப்போது யாரை எண்ணுகிறார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இணைய நிறுவனம் விளம்பரதாரருக்கு விற்பது ஆட்டத்தை மட்டுமல்ல, பார்ப்பவரைப் பற்றிய தகவலையும்தான். கடன் வாங்கிய கைபேசியில், அண்ணன் சந்தாவில், தோழியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறவள் அந்தத் தகவலில் எங்கே இருக்கிறாள்?

'உன் பெயரில் சந்தா எடு' என்பது எளிய யோசனை. தனிக் கைபேசியும் கையில் காசும் உள்ளவளுக்கு அது பொருந்தும். மற்றவளிடம் அதைச் சொல்வது, எண்ணத் தவறியவர்களின் குற்றத்தை எண்ணப்படாதவள் தலையில் கட்டுவது.

இணையம் பெண்கள் ஆட்டத்துக்குத் திரையைத் தந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரசிகை எண்ணிக்கையில் சேராதவரை வீராங்கனையின் விலையும் ஏறாது. இருவரும் தோற்பது ஒரே கணக்கில்தான்.