"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை"

மருத்துவர்கள் எழுதும் தன்வரலாறுகள் பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவே அமைந்துவிடுகின்றன. கேரளத்து மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் 2022-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'வாக் வித் த வியரி' அவ்வகை நூலன்று. சோர்ந்தோருடன் நடத்தல் என்பது தலைப்பின் பொருள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் நண்பர்களுடன் வலிதணிப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் இவர்; 2003-இல் 'பாலியம் இந்தியா' அமைப்பு உருவாகக் காரணமானவர். (இலத்தீனில் பாலியம் என்றால் மேலாடை. பேராயர்கள் தோளில் அணியும் கம்பளிப் பட்டைக்கும் அதே பெயர் என்பதை வாசகர் அறிவர்.)

அவர் பலமுறை சொல்லிவந்த நிகழ்ச்சி ஒன்று நம்மை உலுக்குகிறது. நாவில் புற்றுநோய் கண்ட கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு, நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியால் வலியை நிறுத்தினார். மீண்டும் எப்போது வரவேண்டும் என்று கேட்டவரிடம், இனி வரத் தேவையில்லை என்றார். நோய் குணமாகாது என்பதை அதுவரை அந்த ஆசிரியருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. வீடு திரும்பியவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊசி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மனிதரை ஒருவரும் கவனிக்கவில்லை.

நம் நாட்டு மருத்துவர் பலரின் மனப்பாங்கை இங்கே காண்கிறோம். குணமாக்குவது மருத்துவம்; குணமாகாதது தோல்வி; தோல்வியைப் பற்றிப் பேசுவானேன்? ஆகவே உண்மை உறவினரின் காதில் மட்டும் சொல்லப்படுகிறது. இதில் மருத்துவரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று வாசலிலேயே மறிப்பவர் நாம்தாமே!

மார்பினைப் பற்றிய அச்சம் மற்றொன்று. புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்பினை உலக நலவாழ்வு நிறுவனம் 1986-இலேயே பரிந்துரைத்தது. அதற்கு முந்திய ஆண்டில், 1985-இல், இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு மாத்திரைக்குப் பல உரிமங்கள். சிறு தவறுக்கும் கடுந்தண்டனை. அரசின் அனுமதியோடு அபின் பயிரிட்டு ஏற்றுமதியும் செய்த நாட்டில், நோயாளிக்கு மார்பின் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அம்மருந்தை எழுதிப் பழகாமலே பட்டம் பெற்றனர். 2014-இல் சட்டம் தளர்த்தப்பட்டது. 2019-இன் மருத்துவப் பட்டப் பாடத்திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சை இடம்பெற்றது. ஆனால் அச்சம் சட்டத்தின் வேகத்தில் தளர்வதில்லை. அடிமையாகிவிடுவார் என்ற கவலை, மரணப்படுக்கையில் இருப்பவரைப் பற்றியும் இன்னும் பேசப்படுகிறது.

"கடைசியில் அனுப்பிக்கொள்ளலாம்" என்ற கருத்தே நமக்கு மிக நெருக்கமானது. அவஸ்தைப்பூசுதல் என்று வழங்கிய திருவருட்சாதனத்தை, நோயில்பூசுதல் என்பதே பொருத்தம் என 1963-இல் சங்கம் அறிவித்தது. பெயர் மாறியும் பழக்கம் மாறவில்லை. குருவைக் கண்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று, நினைவு தப்பும்வரை காத்திருந்து அழைப்போர் எத்தனை பேர்! வலிதணிப்பு மருத்துவருக்கும் அதே கதிதான். இருவரும் சாவின் தூதுவராகக் கருதப்படுகின்றனர். நோயின் தொடக்கத்திலிருந்தே, மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்து அளிக்கவேண்டியது இது என்பதை மருத்துவர் பலரும் ஏற்கத் தயங்குகின்றனர்.

"வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள்" என்று நோயாளிக்கு நாம் சொல்லும் அறிவுரையையும் இங்கே கேள்விக்கு உட்படுத்தவேண்டும். ஒப்புக்கொடுப்பது துன்புறுபவரின் உரிமை. அருகில் நிற்பவர் எழுதித் தரும் மருந்துச்சீட்டன்று. வலி நீக்க வேறு வழியில்லாதபோது, ஆயுள் குறைய நேரிடினும் மயக்க மருந்து தரலாம் என்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே தெளிவாக்கினார்.

நூலின் குறையொன்றும் உண்டு. எல்லாவற்றையும் மருத்துவரின் கண்வழியே காண்கிறோம். இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவி, மகள் ஆகியோரை அவர் சொல்லித்தான் அறிகிறோம். கேரளத்தில் இப்பணி வளர்ந்தது மருத்துவரால் மட்டுமன்று. வீடுவீடாகச் சென்ற தன்னார்வலரும் உள்ளாட்சி மன்றங்களும் தாங்கியதால்தான். 2008-இல் மாநில அரசு தனிக் கொள்கை வகுத்தது. அந்த எளிய மனிதர் எவரேனும் தம் கதையைத் தாமே எழுதினால், இந்நூலின் அருகில் வைத்துப் படிக்க விரும்புவோம்.