கேட்டில் நிற்கும் ஹவில்தார்

ஒரகடம் சிப்காட் சாலையில் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் பாருங்கள். கம்பெனி பஸ்களை உள்ளே விடும் செக்யூரிட்டிகளில் பட்டாளத்துக்காரர் யார் என்று யாரும் காட்டித் தர வேண்டாம், நிற்கிற விதமே சொல்லிவிடும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வடதமிழ்நாட்டில் அப்படிப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் நிறைய. சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு வருடத்தில் பென்ஷனோடு வெளியே வருகிறார். அப்போது வயது நாற்பதை ஒட்டியிருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், வீட்டுக் கடன் பாதி நிற்கும். இன்னொரு வேலை பார்த்தே தீர வேண்டும். மாநில அரசு 1986-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவும் தனியார் ஏஜென்சிகளும் அந்த வேலையைத் தருகின்றன.

இவருடைய உடம்பையும் மனதையும் வீட்டையும் யார் பார்ப்பது? இந்தியாவின் விடை ஒரு கார்டு. 2003 ஏப்ரலில் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் ஒருமுறை சந்தா கட்டினால் போதும். பாலிகிளினிக்கில் மருந்து கிடைக்கும், அங்கே ரெஃபரல் வாங்கினால் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். மனைவிக்கும், சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு. வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேராத பில் என்று குறை சொல்லலாம். ஆனாலும் இந்தியாவின் எந்தக் கூலித் தொழிலாளிக்கும் இவ்வளவு கிடைப்பதில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த ஏற்பாடு, நோய் வந்து கவுண்டருக்கு வருகிறவருக்கானது. சியாச்சினிலும் காஷ்மீரிலும் இருந்துவிட்டு வந்தவர், பன்னிரண்டு மணி நேர ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூக்கம் வராமல் கிடந்தால், அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு ஏற்பாடும் இல்லை. ராணுவ மன அழுத்தம் பற்றி நம் ஊரில் நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சீருடையில் இருப்பவர்களைப் பற்றியவை. டிஸ்சார்ஜ் புக் கைக்கு வந்ததும் ஆள் ஆய்விலிருந்தும் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறார்.

ஒரகடத்துக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இந்த விஷயம் இன்னும் நெருக்கமானது. 1987-இல் இலங்கைக்கு அமைதிப்படையை அனுப்பிய ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று இந்த ஊரில்தான் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு அந்தப் படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரியா தவறா என்று இன்றுவரை பேசுகிறோம். இறங்கி வீட்டுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது பேச்சாகவே இல்லை.

இலங்கையின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. அங்கே அரசாங்க ஆஸ்பத்திரி எல்லாருக்கும் இலவசம், ஆகவே சிப்பாயின் மனைவிக்கென்று தனிக் கார்டு அவ்வளவு அவசியமில்லை. அரசின் கவனம் காயம்பட்டவர்மேல் போனது. 1999-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டத்தால், படைவீரர் நலனைக் கவனிக்க ரணவிரு சேவா அதிகார சபை வந்தது. ராகமையில் புனர்வாழ்வு நிலையம், அநுராதபுரத்தில் அபிமன்சல விடுதி என்று கை கால் இழந்தவர்களுக்கான இடங்கள் உண்டு. ஆய்வும் நடந்தது. புலிகளுடனான உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு கொழும்பு மனநல மருத்துவர்கள் ரவீன் ஹன்வெல்லவும் வருணி டி சில்வாவும் கடற்படையினரிடம் கேட்டபோது, போர் அதிர்ச்சி நோயின் அறிகுறிகள் சுமார் 2 விழுக்காட்டினரிடம்தான் இருந்தன. அதற்கு முன் நீல் பெர்னாண்டோவும் ருவன் ஜயதுங்கவும் ராணுவ மருத்துவமனையில் 824 பேரைப் பார்த்து, 56 பேரிடம் அதை முழு அளவில் கண்டிருந்தார்கள். இரண்டும் முரண் அல்ல. முதலாவது, வேலையில் தாக்குப்பிடித்து நிற்பவர்களின் கணக்கு; இரண்டாவது, மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்களின் கணக்கு. வெளியே வந்தவர்களின் கணக்கு இந்த இரண்டிலும் இல்லை.

அந்தக் கணக்கு வேறு வழியில் வெளிவந்தது. 12 ஆண்டு சேவை முடிக்கும் முன்பே ஊனமுற்று வெளியேறியவர்கள் ஓய்வூதியம் கேட்டு 2016-இல் கொழும்பில் போராடினார்கள். வீரர்கள் என்று போற்றப்பட்ட அவர்கள்மேல் போலீஸ் தண்ணீர் பீய்ச்சியது. 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு முன்னாள் சிப்பாய்கள் பலர் ரஷ்ய–உக்ரைன் போருக்குக் கூலிக்குப் போனார்கள். குறைந்தது 16 பேர் இறந்ததாக 2024 மே மாதம் அரசே சொன்னது.

இன்னொரு தரப்பும் உண்டு. புனர்வாழ்வு முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட முன்னாள் புலிகள் ஏறத்தாழ 12,000 பேர். உடம்பில் குண்டுச் சிதறலோடு கூலிவேலைக்குப் போகும் இவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, அபிமன்சல இல்லை. வடக்கின் மனக்காயங்களைப் பற்றி தயா சோமசுந்தரம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவருகிறார். அதை அரசு தன் திட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே போரில் ஒரே விதமாகக் கால் இழந்த இருவரில் ஒருவரை மட்டும் கணக்கெடுக்கும் ஏற்பாட்டை நலத்திட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இலங்கையிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விடுதிகளை அல்ல, ஆட்களைத் தேடிப்போய்க் கேட்கும் பழக்கத்தை. அதற்கு ஒரகடத்தைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு. முன்னாள் படைவீரர்கள் ஒரே சாலையில், தொழிற்சாலை வாசல்களில் கிடைக்கிறார்கள். அவசரமும் உண்டு. நான்கு ஆண்டுச் சேவைக்கு ஆள் எடுக்க 2022-இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தின் முதல் அணி 2026 முடிவிலிருந்து வெளிவரத் தொடங்கும். நான்கில் ஒருவரைத்தான் படை வைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு, அறிவித்த விதிகளின்படி, பென்ஷனும் கிடையாது, ஈ.சி.எச்.எஸ். கார்டும் கிடையாது. அவர்களில் பலர் இதே கேட்டுகளுக்குத்தான் வருவார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை நிர்வாகங்களும், பக்கத்தில் உள்ள மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை காவலர்களையும் அவர்கள் மனைவிமாரையும் அழைத்துத் தூக்கம், ரத்த அழுத்தம், குடி, கடன் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். முதல் அக்னிவீரர் வந்து நிற்பதற்கு முன் அதைத் தொடங்கிவிடுங்கள்.