நாற்பத்திரண்டு பக்க சமாதானம்

அரசாங்க அறிக்கைகளுக்கு யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. கவிதை, நாவல் என்றால் க்யூவில் நிற்பார்கள். ஆனால், 2006 ஜனவரி 19-ம் தேதி அமெரிக்க நீதி இலாகா வெளியிட்ட 42 பக்க வெள்ளை அறிக்கை உட்கார்ந்து படித்து மார்க் போடத் தகுந்தது. நல்ல ஆங்கிலம், ஏராளமான அடிக்குறிப்புகள், படு சாமர்த்தியமான வக்கீல் மூளை. இடிப்பது தர்க்கம்தான்.

முன்கதைச் சுருக்கம்: 2005 டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸில் ஜேம்ஸ் ரைசனும் எரிக் லிக்ட்ப்ளாவும் ஒரு குண்டு போட்டார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அதிபர் புஷ்ஷின் ரகசிய உத்தரவுப்படி, என்.எஸ்.ஏ. என்கிற உளவு அமைப்பு, அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற, வருகிற போன்களை கோர்ட் வாரண்ட் இல்லாமலேயே ஒட்டுக்கேட்டு வந்தது. அரசு கேட்டுக்கொண்டதால் பத்திரிகை இதை ஒரு வருஷம் அமுக்கி வைத்திருந்தது தனிக்கதை. மறுநாளே புஷ் ரேடியோவில் ஒப்புக்கொண்டார். எல்லாம் சட்டப்படிதான் என்றார். எந்தச் சட்டப்படி? அதற்குத்தான் இந்த 42 பக்கம்.

நிக்ஸன் காலத்து ஒட்டுக்கேட்புகளை செனட்டர் ஃப்ராங்க் சர்ச்சின் கமிட்டி தோண்டித் துருவியதன் விளைவாக 1978-ல் 'ஃபைஸா' சட்டம் வந்தது. அமெரிக்காவுக்குள் உளவுக்காக ஒட்டுக்கேட்க வேண்டுமா, அதற்கென்றே இருக்கும் ரகசிய கோர்ட்டில் அனுமதி வாங்கு. மீறினால் ஐந்து வருஷம் வரை ஜெயில். கோர்ட் ஒன்றும் கறார் பேர்வழி அல்ல. மனுவைத் திருப்பி அனுப்பியது அபூர்வம். அவசரமென்றால் முதலில் கேட்டுவிட்டு 72 மணிக்குள் வரலாம் (2006 நிலவரம்). காங்கிரஸ் போர்ப் பிரகடனம் செய்தால் 15 நாளைக்கு வாரண்டே வேண்டாம்.

அறிக்கையின் முதல் வாதம்: தாக்கியவர்கள் மேல் தேவையான படைபலத்தைப் பிரயோகிக்க 2001 செப்டம்பரில் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. எதிரி பேசுவதைக் கேட்பது போரில் ஓர் அங்கம். எனவே, ஒட்டுக்கேட்கும் அனுமதியும் அதில் அடக்கம்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால், பிரகடனம் செய்த முழுப் போருக்கே 15 நாள்தான் என்று எழுதி வைத்த காங்கிரஸ், ஒட்டுக்கேட்பு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத தீர்மானத்தில் வருஷக்கணக்கில் லைசென்ஸ் கொடுத்ததாம்! கொடுத்திருந்தால், அடுத்த மாதமே பேட்ரியாட் சட்டத்தில் ஃபைஸாவை ஏன் மெனக்கெட்டுத் திருத்தினார்கள்? தீர்மானத்தில் 'அமெரிக்காவுக்குள்' என்பதையும் சேர்க்கும்படி கடைசி நிமிஷத்தில் வெள்ளை மாளிகை கேட்டது, மறுத்துவிட்டோம் என்று அப்போதைய செனட் பெரும்பான்மைத் தலைவர் டாம் டேஷல் எழுதினார். போதாக்குறைக்கு அட்டர்னி ஜெனரல் கன்ஸாலஸ், சட்டத்தைத் திருத்தக் கேட்டால் கிடைப்பது கஷ்டம் என்று தங்களுக்கு ஆலோசனை வந்ததாக நிருபர்களிடம் சொன்னார். கேட்டால் தரமாட்டார்கள், ஆனால், ஏற்கெனவே தந்துவிட்டார்கள். ரெண்டும் ஒரே வாயில்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. அதிபர் முப்படைத் தளபதி. வெளிநாட்டு உளவு அவருக்கு அரசியல் சட்டமே கொடுத்த அதிகாரம். அதில் காங்கிரஸ் குறுக்கிட முடியாது. 2002-ல் ஃபைஸா அப்பீல் கோர்ட் போகிறபோக்கில் இப்படி ஒரு கருத்துச் சொன்னது உண்மை. சரித்திர சாட்சிகளாக வாஷிங்டன், வில்ஸன், ரூஸ்வெல்ட் எல்லோரையும் கூப்பிடுகிறார்கள். அத்தனை பேரும் 1978-க்கு முந்தியவர்கள். டிக்கெட் முறை வருமுன் தாத்தா ஓசியில் போனாரே என்று கண்டக்டரிடம் வாதாடுவது போலிருக்கிறது. அடுத்த மாதம் செனட்டில் கன்ஸாலஸ், வாஷிங்டன்கூட எலெக்ட்ரானிக் கண்காணிப்புக்கு உத்தரவிட்டார் என்று சொல்லிவிட்டு, அமெரிக்கா முழுக்கச் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம், வாஷிங்டன் இறந்தது 1799-ல்.

1952-ல் கொரியப் போரின்போது ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கைப்பற்றினார். போர் என்றாலும் கூடாது என்றது சுப்ரீம் கோர்ட். காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகச் செயல்படும்போதுதான் அதிபரின் அதிகாரம் மிகவும் பலவீனமானது என்று நீதிபதி ஜாக்ஸன் எழுதியது இன்றைக்கும் அளவுகோல். வேகம் போதவில்லை என்ற அரசின் குறையில் நியாயம் இருக்கலாம். அதற்கு மருந்து சட்டத்தைத் திருத்துவது. ரகசியமாகத் தாண்டிப் போவதல்ல.

அறிக்கை சொல்லாமல் விட்டதும் உண்டு. 2004 மார்ச்சில் இதே நீதி இலாகாவின் ஜேம்ஸ் கோமி, திட்டத்தின் ஒரு பகுதிக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். உடனே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அட்டர்னி ஜெனரல் ஆஷ்க்ராஃப்டிடமே கையெழுத்து வாங்க வெள்ளை மாளிகையிலிருந்து இருவர் ஓடினார்கள். அதில் ஒருவர் கன்ஸாலஸ். ஆஷ்க்ராஃப்டும் மறுத்தார். 2007-ல்தான் இதன் முழுக்கதை வெளியே வந்தது.

கோர்ட்டுகள் என்ன செய்தன? 2006-ல் டெட்ராய்ட் நீதிபதி ஆனா டிக்ஸ் டெய்லர் சட்டவிரோதம் என்றார். 2007-ல் அப்பீலில் அது ரத்து. காரணம், உன் போனைக் கேட்டார்கள் என்று நீ நிரூபிக்கவில்லை. எப்படி நிரூபிப்பது? அது அரசாங்க ரகசியம்! 2010-ல் நீதிபதி வான் வாக்கர் வேறொரு வழக்கில் சட்டவிரோதம் என்றார். 2012-ல் அதுவும் அப்பீலில் போயிற்று. ஆக, சரியா தப்பா என்று சுப்ரீம் கோர்ட் கடைசி வரை சொல்லவே இல்லை.

நடுவில், 2008-ல் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். ஒத்துழைத்த டெலிபோன் கம்பெனிகளுக்கும் வழக்குகளிலிருந்து விடுதலை. வேட்பாளராக இருந்த செனட்டர் ஒபாமாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டார். அதன் 702-ம் பிரிவுப்படி, வெளிநாட்டில் இருக்கும் அந்நியரைக் குறிவைக்கத் தனித்தனி வாரண்ட் தேவையில்லை. அவரோடு பேசும் அமெரிக்கர் குரலும் கூடவே பதிவாகும். 2012, 2018, 2024 என்று நீட்டித்துக்கொண்டே வந்தார்கள்.

நியூஜெர்ஸியிலிருந்து மாம்பலத்துக்கு வரும் போனும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு அழைப்புதான். பிள்ளை அமெரிக்க சிட்டிசன் என்பதால் அவரைக் குறிவைக்க வாரண்ட் வேண்டும். ரசத்துக்குப் பக்குவம் சொல்லும் அம்மாவுக்கு வேண்டாம். அம்மாவை யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால், அது அவர்கள் நல்லவர்களாக இருக்கும் வரைதான். சட்டம் எழுதுவது, அவர்கள் நல்லவர்களாக இல்லாத நாளுக்காக.