ஒளிரும் சாலைக் கோடுகள்: எத்தனை மழைக்குத் தாங்கும்?

இரவில் தாமாகவே ஒளிவிடும் சாலைக் கோடுகளின் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். விளக்குக் கம்பமே இல்லாத இருளில் பச்சைக் கோடுகள் வழிகாட்டும் அக்காட்சி அழகானதுதான். ஆனால், சாலைக் கோட்டை அதன் அழகைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாமா? சற்று ஆராய்வோம்.

2014ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ஆஸ் நகருக்கருகே ஒரு சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்திற்கு இத்தகைய கோடுகள் இடப்பட்டன. வடிவமைப்பாளர் டான் ரோஸகார்டேயும் ஹைமான்ஸ் கட்டுமான நிறுவனமும் இணைந்து செய்த முயற்சி இது. பகலில் சூரிய ஒளியை ஏற்றுச் சேமித்து, இரவில் வெளிவிடுவதே இதன் தத்துவம். மின்சாரம் தேவையில்லை. பாராட்டுகள் குவிந்தன. ஆனால் சில வாரங்களிலேயே, ஈரத்தால் கோடுகள் சீராக ஒளிரவில்லை என்பது தெரியவந்தது.

இவ்வகைப் பூச்சுகளில் பெரும்பாலும் பயன்படும் ஒளிர்பொருள் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். இது நீர் பட்டால் மெல்லச் சிதையும் இயல்புடையது. மேலுறை இட்டுக் காக்கலாம். ஆனால் சக்கரங்கள் நாள்தோறும் அதைத் தேய்க்குமே! இன்னொரு குறையும் உண்டு. சேமித்த ஒளி மாலையில் மிகுந்தும், பின்னர் குறைந்துகொண்டும் செல்லும். ஓட்டுநருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் பின்னிரவில்தான் கோடு மிகவும் மங்கியிருக்கும்.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு செமினி பகுதியில் 245 மீட்டர் நீளத்திற்கு இதைச் சோதித்தனர். அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. சதுர மீட்டருக்கு 749 ரிங்கிட் செலவு; சாதாரணப் பூச்சுக்கோ 40 ரிங்கிட்தான். அதாவது, ஒரு சதுர மீட்டர் ஒளிரும் கோட்டின் செலவில் சாதாரணக் கோடு 18 சதுர மீட்டர் இடலாம். கோடே இல்லாத கிராமச் சாலைகளை எண்ணிப் பாருங்கள். இக்கணக்கின் பொருள் விளங்கும்.

சாதாரணக் கோட்டிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. பூச்சு உலர்வதற்குள் அதன்மேல் நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். பாதிக்குச் சற்று மேல் புதைந்து நிற்கும் ஒவ்வொரு மணியும் முகப்பு விளக்கின் ஒளியை வளைத்து, வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. அம்மணிகள் பலவும் பழைய கண்ணாடியை உருக்கிச் செய்யப்படுபவை. பின்னிரவிலும் அவை சோர்வதில்லை.

ஆயினும் சாதாரணக் கோடும் குற்றமற்றதன்று. தேயும் பூச்சு நுண்பிளாஸ்டிக் துகள்களாக மழைநீரோடு வடிகால்களில் கலக்கிறது. மஞ்சள் நிறத்திற்கு ஈயக் குரோமேட்டைச் சேர்க்கும் வழக்கமோ நஞ்சையே சாலையில் பரப்புவதாகும். ஆகவே ஈயமில்லாத நிறமியும், தரமான மணிகளும், நன்கு ஒட்டும் பூச்சும் தேவை. ஒரு கோடு இரு மடங்கு காலம் உழைத்தால், மறுபூச்சு பாதியாகும்; பொருளும் எரிபொருளும் கழிவும் குறையும். நீடித்துழைப்பதும் சுற்றுச்சூழலைக் காப்பதும் இங்கே பெரும்பாலும் ஒன்றே.

புதுமையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. சோதித்துப் பார்த்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. ஆனால் முதல் இரவின் படத்தோடு பாராட்டை முடித்துவிடலாகாது. புதிய சாலைக் கோடு பற்றிய செய்தியைப் படிக்கும்போது இம்மூன்றையும் கேளுங்கள்: எத்தனை மழைக்குத் தாங்கும்? விடியும்வரை தெரியுமா? தேய்ந்தபின் அது எங்கே போகும்?