தணிகை வட்டாரத்துப் பாட்டும் பாடாந்தரமும்

தானே இயற்றித் தானே பாடிய கலைஞரை மதிப்பிட இன்று வழி எளிது. அவர் குரலில் பதிவான இசைத்தட்டை ஒருமுறையும், பிறர் பாடியதை ஒருமுறையும் கேட்டால் போதும். இசைத்தட்டு வருவதற்கு முன் வாழ்ந்தவர்களை எதைக் கொண்டு அளப்பது? ஆந்திர எல்லையை ஒட்டிய மணவூர், திருத்தணி வட்டாரத்தின் இசை மரபில் இதற்கு மூன்று விடைகள் உண்டு.

காலத்தால் மூத்தவர் காரைக்கால் அம்மையார். மணவூரை அடுத்த திருவாலங்காட்டில் அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. முதல் பதிகத்துக்கு நட்டபாடையும் அடுத்ததற்கு இந்தளமும் பண்கள். இன்றைய ஓதுவார்கள் அவற்றை முறையே கம்பீர நாட்டையிலும் மாயாமாளவகௌளையிலும் பாடுகிறார்கள். சொல்லும் பண்ணின் பெயரும் நம்மிடம் இருக்கின்றன. பண்ணின் பழைய உருவத்துக்கு ஓதுவார் மரபே சான்று.

பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் திருத்தணி முருகனைப் பல திருப்புகழ்களில் பாடினார். மெட்டுகள் மறைந்துவிட்டன, சந்தம் தப்பியது. வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சுவடி தேடி, 1894இல் முதல் தொகுதியை அச்சிட்டார். அதன்பின் வந்த மெட்டெல்லாம் பாடியவர்களின் படைப்பே. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை கடினமான தாளங்களில் திருப்புகழைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். தில்லியில் ஏ. எஸ். இராகவன் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இராகம் அமைத்து, கூட்டாகப் பாடக் கற்றுக்கொடுத்தார். 1964இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி. எம். சௌந்தரராஜன் நடித்துப் பாடியதைக் கேட்டே சந்தத்தின் வேகத்தை அறிந்தவர்கள் ஏராளம். மூவர் இசையும் வேறு வேறு. ஆனால் மூன்றையும் சந்தம் கட்டிப்போடுகிறது.

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) திருத்தணியில்தான் முதல் கீர்த்தனையை இயற்றினார் என்பது மரபு. முதியவர் வடிவில் வந்த முருகன் வாயில் கற்கண்டு இட்டதாகக் கதை. அந்தக் கீர்த்தனையும் மாயாமாளவகௌளையிலேயே அமைந்தது. ‘குருகுஹ’ முத்திரையும் அங்கே தொடங்கியது. அவர் விஷயத்தில் ஆதாரம் வலுவானது. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அவருடைய கீர்த்தனைகளைக் கமகக் குறியீடுகளோடு தருகிறது. சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் நேரில் பாடம் கேட்ட டி. கே. பட்டம்மாளின் பதிவுகளும் உள்ளன.

ஆனாலும் மேடை தன் வழியில் போயிருக்கிறது. ‘வாதாபி கணபதிம்’ அந்த நூலில் அடக்கமான உருப்படி. நாம் கேட்டுப் பழகிய சங்கதிகளில் பலவற்றை மகா வைத்தியநாதய்யர் சேர்த்தார் என்பார்கள். இதைக் குறையென்று சொல்வதற்கு முன், ஆங்கிலேயரின் ‘காட் சேவ் த கிங்’ மெட்டுக்கே சமஸ்கிருத சாகித்தியம் எழுதியவர் தீட்சிதர் என்பதை நினைக்க வேண்டும். பிறர் மெட்டை எடுத்தாள அவரும் தயங்கவில்லை.

ஆகவே மூவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. அம்மையாரைப் பாடுபவர் பண்ணுக்கும், அருணகிரியைப் பாடுபவர் சந்தத்துக்கும், தீட்சிதரைப் பாடுபவர் கமகத்துக்கும் காலப்பிரமாணத்துக்கும் கட்டுப்பட்டவர். மற்றதெல்லாம் பாடகரின் உரிமை. திருப்புகழில் புது மெட்டை வரவேற்கலாம். சந்தம் உடையும்படி சொல்லை இழுப்பதை ஏற்க முடியாது. தீட்சிதரை விரைவு காலத்தில் ஓட்டிப் பாடுவதும் அப்படித்தான்.