புது டயருக்கு எவ்வளவு காற்று?

புது டயர் மாட்டி, பேலன்ஸிங், அலைன்மென்ட் எல்லாம் முடித்து வண்டியை வெளியே விடும்போது கடையில் ஒரு அளவு காற்று இருக்கும். சில கடைகளில் 35, சில கடைகளில் 40. சின்ன காரோ ஜீப்போ, வித்தியாசம் பார்ப்பதில்லை. டயரின் விளிம்பு ரிம்மில் நன்றாக உட்கார முதலில் கூடுதலாக அடித்துத்தான் ஆக வேண்டும். பிறகு குறைக்காமல் அனுப்பிவிடுவதுதான் சிக்கல்.

என் ஹேட்ச்பேக்கில் இருந்தது 165/80 ஆர்14. அதே ரிம்மில் சற்று அகலமான 185/70 ஆர்14 போட்டேன். டயரின் உயரம் அரை சென்டிமீட்டர்தான் குறைகிறது, ஸ்பீடோமீட்டர் குழம்பாது. ஆனால் சுமைக் குறியீடு 85-லிருந்து 88 ஆகிறது. ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோ, இப்போது 560. ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும் 33 பி.எஸ்.ஐ. பழைய டயரை வைத்து எழுதியது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் 'அதிகபட்சம் 51'-ஐப் பார்த்து அதையே அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது டயரின் எல்லை, வண்டிக்கான அளவு அல்ல.

சரியான அளவைப் பார்க்க இரண்டு சாதனங்கள் வாங்கினேன்: லைட்டர் சாக்கெட்டில் செருகும் 12 வோல்ட் பம்ப், தனியாக ஒரு டிஜிட்டல் கேஜ்.

பம்பில் அளவை வைத்துவிட்டால் தானே நின்றுவிடும். சத்தம் மட்டும் மாவு மில்தான்; விடிகாலையில் தெருவே எழுந்துவிடும். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது திரையில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. குழாயில் உள்ள அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுவதால், மோட்டார் நின்றதும் ஒன்றிரண்டு இறங்குகிறது. வால்வில் திருகும் பித்தளை முனை விரலைச் சுடும் அளவுக்குச் சூடாகிறது. அதைக் கழற்றும்போது 'புஸ்' என்று கொஞ்சம் காற்றும் போகும். பட்டனைத் தெரியாமல் அழுத்தினால் அலகு 'பார்' ஆகிவிடும், 2.2 என்று பார்த்துப் பதற வேண்டாம், அது 32 பி.எஸ்.ஐ.தான்.

கேஜ் இதைவிட மலிவு, ஆனால் வேலைக்காரன். ஒரே டயரில் திரும்பத் திரும்ப வைத்தாலும் அதே எண்ணைக் காட்டுகிறது. எண் சற்று ஏறுமாறாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே கேஜால் எப்போதும் பார்த்தால் ஒப்பிட முடியும்.

அளப்பது வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, வெயில் படுமுன். பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். வெயில் விழும் பக்கத்து டயர் எதிர்ப்பக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும்.

அகலமான டயர் அதே காற்றில் அதிகம் தாங்கும் என்பதால் ஓரிரு எண் குறைக்கலாம் என்று கணக்குச் சொல்லும். நான் குறைக்கவில்லை. ஸ்டிக்கர் அளவில் பிரேக்கும் வளைவும் சேர்ந்திருக்கின்றன, சுமை மட்டுமல்ல. 33-இல் தொடங்கி, நெடுஞ்சாலையில் ஓட்டி, நிறுத்தியதும் அளந்தேன். கரடுமுரடான பாதை ஓட்டுபவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: குளிரில் இருந்ததைவிட நான்கு பி.எஸ்.ஐ. ஏறினால் சரி, அதிகம் ஏறினால் காற்று போதவில்லை, டயர் மடங்கி மடங்கிச் சூடாகிறது, குறைவாக ஏறினால் அளவுக்கு மேல் அடித்திருக்கிறது. எனக்கு 37-ஐ ஒட்டி நின்றது. 38-இல் வைத்துப் பார்த்தபோது ஏற்றம் குறைந்தது, வேகத்தடைகளில் முதுகு சாட்சி சொன்னது. 30-இல் ஸ்டியரிங் மந்தம்.

டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு நேராகக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிற பழைய வித்தையும் உண்டு. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. உள்ளே எஃகுப் பட்டை கொண்ட ரேடியல் டயரில் பெரிய பிழையை மட்டுமே இது காட்டும். எனக்கு முழு அகலமும் ஒரே மாதிரி அழிந்தது. புது டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் தேயும் விதத்தையும் பார்க்கலாம்.

ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் ஸ்டிக்கரின் இரண்டாம் வரிசையைப் பாருங்கள், பின் டயர்களுக்குக் கூடுதல் அளவு அங்கே இருக்கும். ஸ்டெப்னி இன்னும் பழைய 165தான். அவசரத்துக்கு மாட்டி மெதுவாகப் பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும் அது. அதன் காற்றையும் மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

இரண்டில் ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் கேஜை வாங்குங்கள். காற்று எந்தப் பங்கிலும் கிடைக்கும், அங்குள்ள மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்.