அக்ரிலிக் விளிம்புக்குப் பளபளப்பு: டார்ச்சா, பஃபிங் சக்கரமா?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டறைகளில் வாகை மரத்தில் செதுக்கிய சின்ன விநாயகர் ஒருவரை வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் கவலை தூசிதான். துதிக்கை மடிப்பிலும் மகுட இடுக்கிலும் ஒருமுறை படிந்துவிட்டால் துணிக்கு வராது. சிற்பத்தைக் காக்க ஒரு மூடி வேண்டும். கண்ணாடியைவிட அக்ரிலிக் நல்லது: எடை ஏறக்குறையப் பாதி, எளிதில் உடையாது, வெளிச்சத்தில் 92 சதவீதத்தை உள்ளே விடும். விளம்பரப் பலகை செய்யும் கடையில் 5 மி.மீ. ஷீட்டைக் கேட்ட அளவுக்கு அறுத்துத் தருவார்கள். அறுத்த விளிம்புதான் சிக்கல். ரம்பத்தின் வரிகளோடு வெள்ளையாகச் சொரசொரத்துக் கிடக்கும். அதை மின்ன வைக்க இரண்டு கருவிகளை வாங்கி, பெட்டி செய்தே சோதித்தேன்: பியூட்டேன் புட்டியில் மாட்டும் கை டார்ச் ஒன்று, டிரில் மிஷினில் மாட்டும் நான்கு அங்குலப் பருத்திப் பஃபிங் சக்கரம் ஒன்று.

முதலில் ஒரு விஷயம். எதை வாங்கினாலும் பளபளப்பில் முக்கால் பங்கை உப்புத்தாள்தான் தருகிறது. ரம்ப வரிகளை ஆக்ஸா பிளேடின் முதுகால் ஒரே திசையில் சுரண்டி எடுக்க வேண்டும். மெல்லிய சுருளாக அக்ரிலிக் உரிந்துவரும். பிறகு 240, 400, 600, 1000 என்று வரிசையாக வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு, தட்டையான மரக்கட்டையில் சுற்றி. ஒரு எண்ணைத் தாண்டினாலும் முந்தைய தாளின் கீறல் அடியில் தங்கிவிடும். 1000-ஆம் எண் தாளின் துகள் சுமார் 18 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதனால் ஆயிரத்தில் தேய்த்த விளிம்புகூட மங்கலாகத்தான் தெரியும். அந்தக் கடைசி மங்கலை நீக்குவது மட்டுமே டார்ச்சுக்கும் சக்கரத்துக்கும் உள்ள வேலை.

டார்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஷீட்டின் மேலொட்டிய காகிதத்தை விளிம்பிலிருந்து உரித்துவிட்டு, நீலச் சுடரின் நுனி மட்டும் படும்படி நிற்காமல் இழுத்துச் செல்ல வேண்டும். மேல்தோல் உருகிப் படிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பு தெளிகிறது. ஓரடி நீளத்துக்குச் சில விநாடிதான். அந்தக் காட்சி மனதைக் கவர்ந்துவிடும். ஆனால் கை ஒரு கணம் தயங்கினால் குமிழி எழும், இன்னும் நின்றால் தீயே பிடிக்கும். அக்ரிலிக் நன்றாக எரியும் பொருள். வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கடைப் பலகையின் விளிம்பை அங்கேயே சரிசெய்ய இதே டார்ச்சைக் கொண்டுபோனேன். மின்சாரம் தேவையில்லை என்பது பெரிய வசதி. காற்றுதான் எதிரி: சுடர் வளைந்து ஷீட்டின் முகத்தில் பட்டால் அங்கே அலையலையாகத் தழும்பு விழும். மலையின் குளிர்ந்த காலையில் புட்டிக்குள் பியூட்டேனின் அழுத்தமும் இறங்கிவிடுகிறது, சுடர் சோர்கிறது. வெயில் ஏறிய பிறகு, சுவர் மறைவில் வைத்துச் செய்தபோது சரியாக வந்தது.

பஃபிங் சக்கரம் பொறுமைக்காரருக்கு. டிரில்லை மேசையில் இறுக்கிக் கட்டி, சக்கரத்தில் வெள்ளைப் பாலிஷ் சோப்பைத் தடவி, விளிம்பைச் சக்கரத்தின் கீழ்ப்பாதியில் லேசாகக் காட்ட வேண்டும். மேல்பாதியில் காட்டினால் ஷீட்டைப் பிடுங்கி வீசிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் இதைத் தொடாதீர்கள். அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பிக்கும். ஒரே இடத்தில் அழுத்தினால் உராய்வுச் சூடே அதை இழுவி விடும். டிரில்லின் 2,800 சுற்று போதும். 11,000 சுற்று ஓடும் ஆங்கிள் கிரைண்டரில் இந்தச் சக்கரத்தை மாட்டவே கூடாது. எவர்சில்வர் பாத்திரம் தேய்த்த பழைய சக்கரமும் வேண்டாம், அதில் ஒட்டிய உலோகத்தூள் கீறும். ஓரடிக்குச் சில நிமிடம் ஆகிறது. பலனாக ஆழமான, தட்டையான மினுக்கம் கிடைக்கிறது. டார்ச் தந்த விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய அலை தெரியும், இதில் தெரியாது.

இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் ஒட்டும்போதுதான் வெளிப்படுகிறது. நம் ஊரில் அக்ரிலிக்கைப் பெரும்பாலும் குளோரோஃபார்ம் விட்டுத்தான் ஒட்டுகிறார்கள். நெருப்புப் பட்ட விளிம்பு ஆறும்போது உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அங்கே குளோரோஃபார்ம் பட்டால் முடி முடியாக விரிசல் ஓடும், சில சமயம் நாள் கழித்துக்கூட. லேசரில் வெட்டி வாங்கும் ஷீட்டின் விளிம்பு தானாகவே மின்னும். அதற்கும் இதே ஆபத்து உண்டு. சுமார் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிட்டால் இறுக்கம் தளரும். ஆனால் அதற்கு ஏற்ற அடுப்பு வீட்டில் ஏது? ஸ்பிரிட்டும் தின்னரும் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும்கூட அந்த விளிம்புக்கு ஆகாது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

ஒட்டப்போகும் விளிம்பை எந்தக் கருவியாலும் மினுக்க வேண்டாம். சக்கரம் ஓரத்தை மழுக்கிவிடும், இணைப்பில் காற்றுக்குமிழி நிற்கும். 400-ஆம் எண் தாளில் தட்டையாகத் தேய்த்து நிறுத்திவிட்டு, ஒட்டிக் காய்ந்தபின் வெளியே தெரியும் விளிம்புகளை மட்டும் சக்கரத்தில் காட்டுங்கள்.

சிற்பத்துக்குப் பெட்டி, காட்சிமேசை, ஒட்டிச் செய்யும் எதுவானாலும் பஃபிங் சக்கரத்தையே வாங்குங்கள். சாவிக்கொத்து, பெயர்ப்பலகை, தனி எழுத்து என்று ஒட்டு இல்லாத வேலைக்கும் மின்சாரம் இல்லாத இடத்துக்கும் டார்ச் போதும். கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், சக்கரமும் நான்கு எண்களில் வாட்டர் பேப்பரும் வாங்குங்கள். முதலில் கடையில் கேட்டு வாங்கிய கழிவுத் துண்டில் பழகுங்கள்.